தண்டம் முன்னே, உணவு பின்னே!

பிள்ளை பள்ளிக்கு வராவிடில் பெற்றோரைக் கூண்டிலேற்று என்கிறது இங்கிலாந்துச் சட்டம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444ஆம் பிரிவின்படி, அறிந்தே தவறும் பெற்றோர்க்கு 2,500 பவுன் வரை அபராதம். மூன்று திங்கள் வரை சிறை! நீதிமன்றம் செல்லாமலே செலுத்தும் தண்டம் 2024 ஆகஸ்டு முதல் 80 பவுன். 21 நாளில் கட்டத் தவறினால் 160.

குழந்தை பெற்றோரின் உடைமையன்று. அதன் அறிவுக் கண்ணை மூடிவைக்க எந்தத் தந்தைக்கும் உரிமையில்லை. ஆகவே, சட்டமே கூடாதென்று நாம் வாதிடவில்லை. சட்டத்தின் கை ஒரு பக்கம் மட்டும் நீள்வதேன் என்றே கேட்கிறோம்!

வரலாற்றைப் புரட்டுவோம். 1880இல், ஐந்து முதல் பத்து வயது வரை பள்ளி வருகை கட்டாயமாயிற்று. தொடக்கப் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றில் கட்டணம் ஒழிந்ததோ 1891இல்! பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சி மன்றங்கள் அதிகாரம் பெற்றதோ 1906இல்! மகன் கொணரும் கூலியை நம்பி அடுப்பெரித்த தாயிடம் முதலில் தண்டம் கேட்டனர். அவன் பசியை நினைக்க இருபத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்டன!

இன்று மட்டும் என்ன? விடுமுறைக்கு முன்பே உல்லாசப் பயணம் புறப்படும் செல்வனுக்கு 80 பவுன் பயணச் செலவில் ஒரு துளி. ஏழைத் தாய்க்கோ அது வீட்டாரின் உணவுச் செலவு! சக மாணவரின் கொடுமைக்கு அஞ்சி வீட்டில் ஒடுங்கும் பிள்ளையைத் தண்டச்சீட்டு தேற்றுமா?

பெற்றோரை விசாரிக்கட்டும். வேண்டாமென்று கூறோம். பிள்ளை வராத காரணத்தைப் பள்ளியிடமும் அரசிடமும் அதே கூண்டில் நிறுத்திக் கேட்கட்டும். அதுவே நீதி, மற்றது வெறும் மிரட்டல்!