பேற்றுநோவின் குரல்

தமிழிலக்கணம் சொற்பொருள் வரையறுப்பதில் நுட்பம் வாய்ந்தது என்பது நாம் அறிந்ததே. தொல்காப்பியர் உரியியலிலே ‘வயா’ என்னும் சொல்லை வேட்கையின் மிகுதி எனக் காட்டுகிறார். கருவுற்ற மகளிர்க்கு மண்ணின்மேலும் புளியின்மேலும் எழும் ஆசையை உரையாசிரியர்கள் அச்சொல்லோடு பொருத்துவர். அதே இயலில் ‘புனிறு’ என்பது ஈன்றதன் அணிமையைக் குறிக்கும் சொல்லாக அமைகிறது. வயாவுக்கும் புனிற்றுக்கும் இடையே ஓர் இரவு உண்டு. சிலர்க்கு அஃது ஒரு பகலும் ஓர் இரவுமாக நீளும். அவ்விரவிலே பெண் எழுப்பும் குரலுக்கு, அம்மா என்ற கூவலுக்கும், பல்லைக் கடித்த முனகலுக்கும், மூச்சை இறுக்கி முக்கும் ஓசைக்கும், நம் இலக்கியத்தில் என்ன இடம் கிடைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

சங்கப் பாடல்களுட் பேற்றறையின் வாயில்வரை நம்மை அழைத்துச் செல்வன நற்றிணையில் இரண்டு உள. நாற்பதாம் பாட்டிலே காவலமைந்த மனையில் நெடிய நாவுடைய மணி ஒலிக்கின்றது. மணல் பரப்பிய பந்தரிலே பாணர் காவல் இருக்கின்றனர். மகளிர் ஒருபுறம் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். செவிலி புதல்வனோடு துயில்கின்றாள். நெய்யும் வெண்சிறுகடுகும் பூசிய மெல்லிய உடம்பினளாய்த் தாய் இமைபொருந்திக் கிடக்கின்றாள். நள்ளிரவிலே தலைவன் கள்வன்போல வந்து சேர்கின்றான். எத்துணை நுண்ணிய செவியுடைய புலவர் இவர்! மணியோசை கேட்கின்றது, நற்சொல்லுக்காகக் காத்து நிற்போரின் அமைதியும் கேட்கின்றது. கேளாதது ஈன்றவளின் குரல் ஒன்றே. இப்பாட்டைச் சொல்பவள் யார் எனத் துறைக்குறிப்பை நோக்கினால் வியப்பு இன்னும் மிகும். பேசுபவள் பரத்தை. பேற்றறையைப்பற்றி வெளியே நிற்கும் பரத்தைக்குச் சொல்ல வாயுண்டு; உள்ளே கிடக்கும் தலைவிக்கு இல்லை.

முந்நூற்றெழுபதாம் பாட்டிலே தலைவன் தானே பாணனிடம் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைந்து நகைக்கின்றான். மகனைப் பெற்றதனால் நீ முதுபெண்டாகி விட்டாயே எனக் கிடந்தவளை அவன் எள்ளியதும், அவள் முறுவலித்துக் கையாற் கண்புதைத்ததும் அங்கே வருகின்றன. அழகான காட்சி, மறுப்பதற்கில்லை. ஆயினும் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்காகப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு நற்றிணையைப் படித்த நாள்களில் இவ்விரு பாட்டுக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. இரண்டும் பேற்றுக்குப் பிந்திய அமைதியைப் பாடுவன. நோவு முடிந்து, உடம்பு கழுவி, நெய்பூசி, விளக்கேற்றிய பின்னரே புலவர் உள்ளே நுழைகின்றார்.

பிற்காலத்து நூல்களும் பெரும்பாலும் இவ்வழியே சென்றன. வள்ளுவர் ஈன்ற பொழுதை மகிழ்ச்சிக்கு ஓர் அளவுகோலாக்கினார். மகன் சான்றோன் எனப்படும் மகிழ்ச்சி அதனினும் பெரிது என்றார். புறநானூற்று முதியவளும் போர்க்களத்தில் மகனைக் கண்ட உவகையை ஈன்ற ஞான்றை உவகையோடுதான் ஒப்பிட்டாள். பொன்முடியார் பெண்பாற் புலவர். அவரும் பெற்றுப் புறந்தருதலைக் கடமைகளின் வரிசையில் முதலாவதாக வைத்து அப்பாற் சென்றுவிடுகின்றார். கம்பரிடத்தே கோசலை உலகெல்லாம் உதரத்து அடக்கிய ஒருவனைப் பயக்கின்றாள். நோவைப்பற்றி அங்கே பேச்சில்லை. அவதாரத்திற்கு அது பொருந்தாது என்று சொல்லலாம். சொல்லிவிட்டுப் போவோம்.

நின்று நோக்கவேண்டிய இடம் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகம். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்டபோது, சச்சந்தன் நிறைசூலியாகிய விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகின்றான். பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. இருளிலே, பிணம் எரியும் நிலத்திலே, துணையின்றி அவள் சீவகனைப் பெறுகின்றாள். தமிழ்க் காப்பியங்களுள் இதைவிடக் கொடிய பேற்றறை வேறில்லை. விசயை அங்கே வாய்விட்டுப் புலம்புகின்றாள். ஆனால் எதற்குப் புலம்புகின்றாள்? அரண்மனையிலே முரசு முழங்கப் பிறக்கவேண்டிய மகன் இவ்விடத்திற் பிறந்தானே என்பதற்கு; கணவனும் அரசும் போனமைக்கு. அவளுடைய இடுப்பும் வயிறும் பட்ட பாட்டிற்குத் திருத்தக்கதேவர் குரல் கொடுத்தாரல்லர். பின்னர்த் தெய்வமொன்று அவளுடைய தோழி சண்பகமாலையின் வடிவில் வந்து ஆற்றுகின்றது.

இதனோடு ஒப்பிட நம் அயலவரின் மறைநூற் பகுதி ஒன்றுண்டு. புத்தளக் கரையோரத்திலே இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஒருவர் வேலியை ஒருவர் தொட்டு வாழ்கின்றனர். ஆதலின் இவ்வொப்பீடு நமக்குத் தொலைவானதன்று. திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயமாகிய ‘மர்யம்’ என்பதிலே, ஈசா நபியின் தாயும் தனியளாய் ஊர்ப்புறத்தே செல்கின்றார். நோவு அவரைப் பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளுகின்றது. இதற்கு முன்னரே நான் இறந்து மறக்கப்பட்டவளாயிருக்கக் கூடாதா என்னும் கருத்தில் அவர் அலறுகின்றார். மறைநூல் அக்குரலை அழிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. தண்ணீரும் பழமும் அருகே உண்டு, துயருறாதே என மறுகுரல் ஒன்று விடையிறுக்கின்றது. விவிலியத்து ஏசாயாவின் நாற்பத்திரண்டாம் அதிகாரமோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. அங்கே இறைவனே தன்னைப் பேற்றுநோவிற் கதறி மூச்சுவாங்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டுக்கொள்கின்றான். விசயையும் மர்யமும் ஒரே நிலையில் நிற்பவர்கள். ஒருத்தியின் வாயில் வைக்கப்பட்டது குலத்தின் துயரம். மற்றவரின் வாயில் வைக்கப்பட்டது அவருடைய துயரம். நம் காப்பியத்தின் செய்யுள் வளத்தை இது குறைக்காது. அதன் செவியின் எல்லையை மட்டும் காட்டும்.

பேற்றறைக்குள் ஆடவர் புகார், பாடியவர் ஆடவர், ஆதலின் பாடவில்லை என்பது எளிய விடை. அது முழு விடையாகாது. போர்க்களத்தையே காணாதோரும் பரணி பாடினர். முனகல் பொருளற்ற ஒலி, அஃது இலக்கியமாகாது என்பது இரண்டாவது விடை. இதனைத்தான் நாம் உடப்புக் கடற்கரையில் வைத்துச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

சிலாபத்துக்கு வடக்கே, திரௌபதி அம்மன் கோயிலாலும் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற உடப்பு, கரைவலைத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. வலையைக் கடலில் வளைத்து விட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரு அணியினர் பற்றி இழுப்பர். அப்போது எழுவது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் ஏற்றுச் சொல்வர். மடி தொலைவிலிருக்கும்போது நடை மெதுவாயிருக்கும். மடி கரையை அணுகப் பாட்டு விரையும். சொற்கள் தேய்ந்து வெறும் ‘ஏலேலோ’வும் மூச்சுமாய் ஒடுங்கும். அவ்வொலிக்கு அகராதியிற் பொருளில்லை. ஆயினும் அஃதின்றிக் கயிறு நகராது. அதனை நாட்டார் இலக்கியம் என ஏற்பதில் இன்று எவர்க்கும் தயக்கமில்லை. தாலாட்டின் ‘ஆராரோ’வுக்கும், மங்கல வேளையிற் பெண்கள் இடும் குரவைக்கும் இதே நியாயம் வழங்கப்பட்டுள்ளது. ஒலியின் பொருள் அகராதியில் இல்லாவிடினும் அது செய்யும் தொழிலில் உண்டு என்பதே அந்நியாயம்.

பேற்றுநோவின் குரலும் தொழிற்குரலே. நோ அலையலையாய் வருவது. எழுந்து, உச்சியடைந்து, தணிந்து, இடைவெளி விட்டு மீண்டும் எழுவது. தொடக்கத்தில் இடைவெளிகளிற் பெண் பேசுவாள். நோ நெருங்க நெருங்கப் பேச்சுக் குறையும். பின்னர் நீண்ட, தாழ்ந்த ஓங்காரம் போன்ற ஒலி வரும். குழந்தை கீழிறங்கும் கட்டத்தில் ஒலி திடீரென மாறி, மூச்சை அடக்கிய முக்கலாகும். அனுபவமுள்ள மருத்துவிச்சி கதவுக்கு அப்பால் நின்றே கட்டத்தை அறிவாள். அமெரிக்க ஆய்வாளர் மக்கே, ரொபேட்ஸ் என்னும் இருவர் 1990 ஆம் ஆண்டிலே, தாதியரும் தாய்மாரும் இவ்வொலிகளை எவ்வாறு வேறுபடுத்தி உணர்கின்றனர் என்பதையே பொருளாக்கி ஆய்ந்தனர். நீண்ட ஒலி எழுப்புவோர் மூச்சை நீளமாக வெளிவிட்டேயாதல் வேண்டும். மூச்சு நீளத் தாடையும் தோளும் தளரும். கிராண்ட்லி டிக் ரீட் என்னும் ஆங்கில மருத்துவர் 1933 இலேயே அச்சம் இறுக்கத்தையும் இறுக்கம் நோவையும் வளர்க்கும் என எழுதினார். 1950 களிற் பாரிசிலே லமாஸ் என்பவர் மூச்சு ஒழுங்கைப் பயிற்சியாகவே கற்பித்தார். கீச்சென்ற உயர்ந்த அலறல் வேறு. அது பெரும்பாலும் அச்சத்தின் குரல், உடம்பை விரைவிற் களைப்பிப்பது. ஒலியே எழுப்பாது உள்ளொடுங்கி நோவைக் கடப்பவரும் உளர். அதுவும் ஒரு வழியே. குரல் எழுப்பவேண்டும் என விதித்தல், வாயை மூடு என விதித்தலுக்கு எவ்வகையிலும் குறைந்த கொடுமையன்று.

அம்பாவுக்கும் இக்குரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே என் வாதத்தின் உயிர்நிலை. அம்பா தனித்துப் பாடப்படுவதன்று. எடுப்பார்க்கு ஏற்பார் வேண்டும். வீட்டுப் பேற்றிலே, ‘அம்மா’ என்று அவள் எடுத்தால் ‘இந்தா வந்திட்டுது பிள்ளை, இன்னும் ஒருக்கா’ என்று ஏற்பதற்கு மருத்துவிச்சியும் தாயும் மாமியும் இருந்தனர். முருகா என்பவளுக்கும், யா அல்லாஹ் என்பவளுக்கும், மாதாவே என்பவளுக்கும் அவ்வறையில் மறுமொழி கிடைத்தது. லெவி ஸ்ட்ராஸ் 1949 ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றிலே, பனாமா நாட்டுக் குனா மக்களிடையே கடினமான பேற்றின்போது பாடப்படும் நெடும்பாட்டை ஆராய்ந்தார். சொல்லற்ற நோவுக்குப் பாட்டு ஒரு மொழியைக் கொடுக்கின்றது, அதனால் உடம்பு நெகிழ்கின்றது என்பது அவர் முடிவு. முடிவு சிறந்ததே; ஆயினும் அங்கும் பாடுபவன் மந்திரவாதி. கிடப்பவள் என்ன ஒலி எழுப்பினாள் என்பதை அவரும் கேட்டாரல்லர்! நம் சைவ மரபு இவ்விடத்தில் ஒருவாறு மேம்பட்டது எனலாம். எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணத்திலே, காவிரி பெருகியதால் தாய் வரமுடியாது தவித்த இரத்தினாவதிக்கு இறைவன் தாய்வடிவில் வந்து துணையிருந்தான். அதனால் தாயுமானவன் ஆனான். அவன் அங்கே செய்தது நோவை நீக்கும் அற்புதமன்று, உடனிருத்தல். உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டின் வழிகாட்டலிலே, பெண் தானே விரும்பிய துணை ஒருவர் பேறு முழுவதும் உடனிருக்கவேண்டும் எனப் பரிந்துரைத்ததும் இதுவே.

மருத்துவமனையைப் பழிப்பது என் நோக்கமன்று. 1930 களின் தொடக்கத்தில் இலங்கையிலே ஓர் இலட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 2,000 தாய்மார் இறந்தனர். 2010 களில் அத்தொகை 30 க்கும் 40 க்கும் இடையே நின்றது. பயிற்சிபெற்ற குடும்பநல மாதரும் மருத்துவமனைப் பேறும் இன்றி இது கைகூடியிராது. வீட்டுப் பேற்றைப் பொற்காலம் எனப் பாடுவோர் அக்கால மயானங்களை நினைத்தல் நன்று. எனினும் உயிரைக் காத்த அவ்வறையிலே குரல் தனித்துப் போயிற்று. 1990 களில் தமிழ்நாட்டிற் கள ஆய்வு செய்து 2003 இல் நூல் வெளியிட்ட சிசிலியா வான் ஹாலன், பெண்கள் வலியையும் சக்தியையும் இணைத்தே பேசினர் என்றும், மருத்துவமனைகளில் அலறியமைக்காக ஏச்சும் அடியும் பெற்றோர் இருந்தனர் என்றும் பதிவு செய்கின்றார். ஏசியவர்கள் கொடியவர்களாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. களைத்த தாதிக்கு அக்குரல் ஒழுங்கீனமாகத் தோன்றுகின்றது, தொழிலாகத் தோன்றவில்லை. அயலுக்குக் கேளாமற் பிள்ளை பெற்றவள் என ஒருத்தியைப் புகழும் ஊர்ப்பேச்சிலும், நற்றிணையின் மூடிய இமைகளிலும் நாம் காண்பது அதே செவிப் பழக்கத்தையன்றோ? திரௌபதியைத் தெய்வமாக்கிய ஊர் இப்பழக்கத்துக்கு உடன்படலாகாது. நூற்றுவர் நடுவே வாய்மூடாது நின்று நியாயம் கேட்டமையாலன்றோ அவள் அங்கே கோயில்கொண்டாள்?

1960 களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலியோர் ஈழத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுக்கத் தலைப்பட்டபோது, தாலாட்டும் ஒப்பாரியும் அம்பாவும் அச்சேறின. பேற்றறைக்கு அத்தகைய தலைப்பொன்று அமையவில்லை. கற்பிட்டியிற் பிறந்து, 1859 இலே தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த சைமன் காசிச்செட்டியின் கரையோரம் இது. தொகுக்கும் பணி நமக்குப் புதிதன்று. பேற்றறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு நுழைய எவர்க்கும் உரிமையில்லை; நுழையவும் கூடாது. ஆனால் வீட்டுப் பேறுகளிற் கைபிடித்து உடனிருந்த முதியவர்கள் சிலர் உடப்பிலும் ஆண்டிமுனையிலும் கற்பிட்டியிலும் இன்னும் இருக்கக்கூடும். எந்த நேரத்தில் என்ன சொல் சொல்லித் தேற்றினர், எந்த ஒலியைக் கேட்டுத் தண்ணீர் சூடேற்றச் சொன்னர், எப்போது பேசாதிருந்தனர் என்பவற்றை அவர்தம் பேத்தியர் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நம் கல்லூரிகளிற் படிக்கும் மாணவியரே அப்பேத்தியர். அம்பாவுக்கும் காலம் குறுகிக்கொண்டே வருகின்றது. உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கும் கரைகளிலே பாட்டுக்கு வேலையில்லை. ஒரே வீட்டிலே பாட்டனாரிடம் அம்பாவையும் பாட்டியாரிடம் மற்றதையும் கேட்டு, ஒரே கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிக்கொள்ளலாம்.