டென்ஷன் கேஜும் ஹோபி 16 பாய்மரமும்

கம்பியை விரலால் சுண்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று சொல்லும் பாய்ப்படகுக்காரர் எல்லாக் கரையிலும் ஒருவராவது இருப்பார். அவரை நம்பாதவர்கள் வாங்குவது கம்பியின் இழுவிசையை அளக்கும் லூஸ் கேஜ். அதில் பிடி-1 மாடல் சிறு படகுகளுக்கானது. 3/32, 1/8, 5/32 அங்குலக் கம்பிகளை அளக்கும். ஹோபி 16 கேட்டமரனின் பக்கக் கம்பிகள் வழக்கமாக 1/8 அங்குலம். பத்துப் பொருத்தமும் இருக்கிறது. குடித்தனம் எப்படி என்பதுதான் கேள்வி.

கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுமினிய உடல், ஒரு ஸ்பிரிங், கம்பி உட்காரும் இரண்டு சக்கரங்கள், அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்து ஸ்பிரிங்கை இழுத்துக் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டால் அது அப்படியே நிற்கும். இரண்டு கையும் காலி. முன்பாயான ஜிப்பை ஏற்றும் கயிற்றை இழுத்துக்கொண்டே முள் நகர்வதைப் பார்க்கலாம். முள் காட்டும் எண்ணை அட்டவணையில் பொருத்தினால் எத்தனை பவுண்டு என்று தெரியும். 1/8 அங்குலத் தடிமனில் 19 இழை துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சுமார் 2,100 பவுண்டில் அறும். ஆகவே 210 பவுண்டு காட்டினால் கம்பியின் பலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டிருக்கிறோம். கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் தடிமன் மாறி அளவும் பிசகும். அந்த உறை உள்ளே பிடிக்கும் துருவையும் மறைத்துவிடும் என்பதால் அதை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இனி படகு. கலிபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர், ஹோபி 14-ஐ அடுத்து உருவாக்கியது ஹோபி 16. 5 மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம், 145 கிலோ எடை, அடியில் நீருக்குள் இறக்கும் பலகை கிடையாது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும் இரண்டு உடல்களே படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கின்றன. பாய்மரம் குறுக்குச் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகளும் முன்கம்பி ஒன்றும்தான். ஜிப் பாயை ஏற்றி இழுத்ததும் அந்த முன்கம்பியும் தொய்ந்துவிடும். பாயின் முன்விளிம்பில், துணி உறைக்குள் ஓடும் கம்பிதான் பிறகு எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. முன்கம்பி தொளதொளவென்று ஆடுவதைக் கண்டு புதியவர்கள் பதறுவார்கள். அது ஆடத்தான் வேண்டும்.

உண்மையில் பாரம் தாங்கும் அந்தக் கம்பி துணிக்குள் இருப்பதால் அதில் கேஜை மாட்ட முடியாது. பக்கக் கம்பியில்தான் அளக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மூன்று கம்பிகள் மட்டும் ஒரே இடத்தில் சந்தித்து மரத்தை நிறுத்தும்போது, ஒன்றின் இழுவிசை மற்ற இரண்டின் இழுவிசையைத் தீர்மானித்துவிடுகிறது. கம்பியின் அடியை மாட்டும் துளைகளில் ஒன்று தள்ளி மாட்டி வலது கம்பி இடதைவிட நீளமாக இருந்தாலும் கேஜ் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். மரம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எண்கள் சமம், மரம் கோணல்! இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்துவிட்டது என்று கேஜை நம்பிக் கிளம்புபவர் அந்தக் கோணலோடுதான் கடலுக்குள் போவார்.

கரையில் பார்த்த எண் கடலில் நிலைப்பதும் இல்லை. மெயின் பாயின் கயிற்றை இழுத்த உடனே மரம் பின்னால் இழுபட்டு ஜிப் கம்பியில் பாரம் ஏறும். காற்று வரும் பக்கத்துக் கம்பி விறைக்கும், எதிர்ப்பக்கக் கம்பி தளரும். அந்தத் தளர்ச்சி தேவையானதே. இந்த மரம் பாயோடு சேர்ந்து திரும்ப வேண்டிய மரம். அளவுக்கு மீறி இறுக்கினால் ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் திரும்ப மறுத்து முரண்டு பிடிக்கும். எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இதுதான்: நல்ல காற்றில் ஜிப்பின் முன்விளிம்பு வில்லாக வளையாமல் நேராக நிற்கிறதா, மரம் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஜிப் கயிற்றில் மை வைத்து அடையாளம் போடுங்கள். மெல்லிய காற்றுக்கு அந்த அடையாளத்திலிருந்து சற்று விடலாம்.

ஹோபி 16-இன் சுபாவத்தை மாற்றுவது இறுக்கத்தைவிடச் சாய்வுதான். வேகத்தில் முன்முனைகள் நீருக்குள் குத்தி, பின்பக்கம் மேலெழும்பித் தலைகுப்புறக் கவிழ்வதில் இந்தப் படகு பேர்பெற்றது. மரத்தைப் பின்னால் சாய்த்தால் பாயின் விசை பின்னுக்கு நகர்ந்து முன்முனைகள் நிமிரும். அதற்கு விலை உண்டு. படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், சுக்கான் பிடித்த கை வலிக்கும். சுக்கான் அலகுகளின் கீழ்முனையைப் படகின் அடிக்குள் முன்னோக்கித் தள்ளி வைத்தால் அந்தச் சுமை பெருமளவு குறையும். சாய்வை மாற்றிவிட்டுச் சுக்கானைத் தொடாமல் விடுவது பாதி வேலை.

சாய்வை அளக்கக் காசு செலவில்லை. ஜிப்பை ஏற்றி இறுக்கிய பிறகு, மெயின் பாயை ஏற்றும் கயிற்றின் நுனியை முன்கம்பியின் அடியில் உள்ள ஆணி (பின்) வரை இழுத்து நீளத்தைப் பூட்டுங்கள். அதே நீளத்தோடு நுனியைப் பின்முனைக்குக் கொண்டுபோங்கள். அது உடலில் எவ்வளவு கீழே எட்டுகிறதோ அவ்வளவு பின்சாய்வு. அதே கயிற்றை இடம் வலமாக இரண்டு பக்கக் கம்பிகளின் அடிக்கும் கொண்டுபோனால், கேஜ் காட்டாத கோணலும் அகப்பட்டுவிடும்.

பின்சாய்வைக் கூட்ட, முன்கம்பியை நீளமாக்கிப் பக்கக் கம்பிகளின் ஆணியைக் கீழ்த்துளைக்கு மாற்ற வேண்டும். பக்கக் கம்பிகளின் அடி மரத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், மரம் பின்னால் போனதும் அவை தளர்ந்துவிடும். எவ்வளவு வேண்டுமானாலும் சாய்க்கலாம் என்றும் இல்லை. மெயின் பாயின் அடிக்கட்டையான பூமின் பின்முனை தாழ்ந்து, மெயின் கயிற்றின் மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் முட்டிக்கொண்டால் அதற்குமேல் பாயை இறுக்க வழியில்லை. உயரம் குறைந்த கப்பி மாற்றினால் இன்னும் கொஞ்சம் சாய்க்கலாம். பூம் தாழத் தாழ, திசை மாறும்போது தலையையும் அதே அளவுக்குத் தாழ்த்த வேண்டும்.

மரம் நிற்கும்போது பக்கக் கம்பியின் ஆணியை உருவுவதாக இருந்தால், முதலில் ஆள் தொங்குவதற்கான ட்ரபீஸ் கம்பியைக் கயிற்றால் அந்தப் பக்கத்து உடலோடு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மரம் ஆள் மேலேயே விழும். நிறுத்துவதற்கு முன் அண்ணாந்து மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய மரங்கள் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போன பிறகுதான் ஹோபி மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத பொருளில் செய்யத் தொடங்கினார்கள்.

மரத்தின் இருபுறமும் வைர வடிவில் கட்டிய (டயமண்ட்) கம்பிகள் கொண்ட டொர்னாடோ, ஃபார்முலா 18 போன்ற கேட்டமரன் வைத்திருப்பவர் பிடி-1-ஐத் தயங்காமல் வாங்கலாம். மரத்தின் வளைவையே அந்தக் கம்பிகளின் இறுக்கம்தான் நிர்ணயிக்கிறது. அங்கே எண் இல்லாமல் வேலை நடக்காது. ஹோபி 16 மட்டும் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தில் பழைய பக்கக் கம்பிகளைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.