கல்லறைக் கல்லில் தைத்த அங்கி: கொல்லிமலை ஈரத்தில் ஒரு டாரட் கட்டு

டீவியன்ட் மூன் டாரட் கட்டை வாங்குபவர் கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதில் வரும் மனிதர்களின் அங்கியும் காலணியும் பெரும்பாலும் அமெரிக்காவின் பழைய கல்லறைக் கற்களைப் படம்பிடித்து, அந்தக் கல்லின் மேற்பரப்பைக் கணினியில் வெட்டி ஒட்டி உருவாக்கியவை. பின்னால் நிற்கும் கட்டடங்களுக்கு, கைவிடப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையின் சுவர்கள் பயன்பட்டிருக்கின்றன. வரைந்தவர் பாட்ரிக் வாலென்சா. யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்டது. கை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது பட்டுத்துணியின் மடிப்பாகத் தெரிவது, கண்ணாடியை வைத்ததும் மணற்பருக்கையும் மழை அரித்த குழியும் மயிரிழை வெடிப்புமாக விரிகிறது. கோதிக் பாணி என்று விற்கப்படும் டாரட் கட்டுகளில் நான் பார்த்தவரை இவ்வளவு உழைப்பைக் கொட்டிச் செய்தது வேறில்லை.

இதைக் கொல்லிமலையில் வைத்துச் சோதித்ததற்கு இரண்டு காரணங்கள். காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால், மழைக்காலத்தில் துவைத்த துணி காயாது, தீக்குச்சி நமத்துப்போகும். மலைமேல் இருக்கும் செம்மேட்டில் தாக்குப்பிடிக்கிற சீட்டு சென்னையிலும் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது காரணம் கொல்லிப்பாவை. அழகையும் அச்சத்தையும் ஒரே முகத்தில் வைத்த ஓர் உருவத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் மலை இது. அச்சமூட்டும் ஓவியம் ஒன்றை நிறுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

டாரட் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு கட்டில் 78 சீட்டுகள். 22 பெருஞ்சீட்டுகள், மிச்சம் 56 சின்னச் சீட்டுகள்; இவை வாள், கோல், கோப்பை, நாணயம் என நான்கு இனம். 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் இது வெறும் சீட்டாட்டம். குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இன்று உலகம் முழுக்க வரையப்படும் கட்டுகளில் பல பார்த்து நடப்பது 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டைத்தான். ஏ.இ. வெயிட் சொல்லச்சொல்ல அதை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அத்தனை படங்களுக்கும் அவருக்குக் கிடைத்த கூலி சொற்பம். குறி பார்ப்பதற்காக நான் இதை வாங்கவில்லை. கையில் வைத்துப் பார்க்கும் ஓவியத் தொகுப்பாகவே பார்க்கிறேன். இந்த மதிப்பீடும் அந்த அளவில்தான்.

வாலென்சாவின் முகங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும் முகமும் நேரே பார்க்கும் முகமும் ஒன்றாகச் சேர்ந்து பாதி நிலவைப்போல வளைந்திருக்கின்றன. ஒரு கண் படத்துக்குள் நடப்பதைக் கவனிக்கிறது, மற்றது நம்மை. கைகால்கள் பொம்மலாட்டப் பாவையின் கைகால்களாய் மெலிந்து மூட்டுமூட்டாக மடங்குகின்றன. வானம் எங்கும் புகையேறிக் கிடக்கிறது, சில சீட்டுகளில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். இவ்வளவு இருந்தும் யாரும் செத்துக்கொண்டிருப்பவர்களாகத் தெரியவில்லை. வேலை செய்கிறார்கள், திருடுகிறார்கள், காதலிக்கிறார்கள், ஆடுகிறார்கள்.

சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்திருந்த நேரத்தில், நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா மிளகுக் காபி கொண்டுவந்தார். அத்தனை படங்களில் அவர் கண் போய் நின்றது மரணச் சீட்டில்.

"ஏந் தம்பி, இவ மாசமா இருக்காளா?"

"ஆமாம்மா. இதுதான் சாவு."

"சாவுக்கா வயித்துல புள்ள?" என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கைதான் ரொம்பக் குச்சியா இருக்கு, பாவம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

டாரட் நூல்கள் மரணச் சீட்டுக்குப் பக்கம்பக்கமாக உரை எழுதும்: ஒன்று முடிந்து ஒன்று தொடங்குவது, பழையது கழிந்து புதியது வருவது என்று. பமீலா அதை, வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் தொலைவில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியனை வைத்துக் காட்டினார். உற்றுத் தேடினால்தான் அது தட்டுப்படும். வாலென்சா அதே கருத்தை ஒரு வயிற்றில் கொண்டுவந்து வைத்துவிட்டார். உரை படிக்காத ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைக்கும் நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டார் என்றால், ஓவியர் ஜெயித்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

ஐரோப்பாவில் கோதிக் கதை என்கிற வகையை 1764இல் ஹொரேஸ் வால்போல் தொடங்கிவைத்தபோதே, இடிந்த கோட்டையும் பாழடைந்த மடமும் அதற்குச் சொத்தாக எழுதிவைக்கப்பட்டுவிட்டன. அங்கே அச்சம் சிதைவிலிருந்து வருகிறது. கொல்லிமலையின் அச்சம் வேறு வழியில் வருவது. கபிலரும் பரணரும் பாடிய பாவை காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் எழில் குன்றாமல் நிற்பவள். சங்கப் புலவர்களுக்கு அவள் தலைவியின் அழகுக்கு உவமை. பின்னால் வந்த கதைகளில், முனிவர்களைக் காப்பதற்காக நிறுத்தப்பட்டு, வருகிற அரக்கரைச் சிரித்து மயக்கிக் கொல்பவள். இன்று மலையில் எட்டுக்கை அம்மனாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அவளிடம் சிதைந்த உறுப்பு என்று ஒன்று கிடையாது. அழியாத ஒன்று நம்மை உற்றுப் பார்க்கிறது என்பதே நடுக்கத்துக்குப் போதும்.

இந்தக் கட்டு என்னை ஈர்த்ததும் அதனால்தான். மூலப்பொருள் கல்லறைக் கல் என்றாலும் அதிலிருந்து எடுத்த உருவங்கள் பாவைக்கு உறவுக்காரர்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு கோதிக் கட்டுகள். ஜோசப் வார்கோவின் தி கோதிக் டாரட் 2002இல் வந்தது. ரத்தக் காட்டேரியும் கோபுரத்துக் கல்பூதங்களும் கருஞ்சிறகுத் தேவதைகளுமாக வளமான ஓவியங்கள். தனித்தனியே சுவரில் மாட்டலாம். ஆனால் சின்னச் சீட்டுகளில் கதை நிற்கவில்லை. படம் அழகாக இருக்கிறது, இந்தச் சீட்டுக்கு ஏன் இந்தப் படம் என்று கேட்டால் பதில் இல்லை. பிராகாவில் கேரன் மஹோனியும் அலெக்ஸ் உகோலோவும் 2007இல் செய்த போஹீமியன் கோதிக் டாரட்டில் அந்தக் குறை இல்லை. பழைய படங்களைத் துண்டுதுண்டாக இணைத்து, ஒவ்வொரு சீட்டையும் ஒரு திகில் படத்தின் காட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றில் எது என்று கேட்டால், நான் வாலென்சா பக்கம்தான்.

இனி காகிதம். சாதாரணச் சீட்டுக்கட்டைவிட உயரமும் அகலமும் கூடுதல்; சிறிய உள்ளங்கைக்காரர்கள் இரண்டாகப் பிரித்து விரல்நுனியால் பின்னிக் கலைக்க முயன்றால் கட்டைவிரல் வலிக்கும், சீட்டின் நடுவிலும் கோடு விழும். நீளவாட்டில் பிடித்து, கொத்துக்கொத்தாகக் கைமாற்றிக் கலைப்பதே இதற்குச் சரியான முறை. வறண்ட காற்றில் வழுவழுவென்று வழுக்கும் இந்த மேற்பூச்சு, மலை ஈரத்தில் மனம் மாறிவிடுகிறது. விரல்களில் குளிரும் ஈரமும் சேர்ந்ததும் இரண்டு மூன்று சீட்டுகள் ஒட்டியபடியே வருகின்றன. வெளுத்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தால் மீண்டும் பழைய ஓட்டம் வருகிறது.

ஜன்னலோரம் இரவு முழுவதும் பரப்பிவைத்த சீட்டுகள் விடிவதற்குள் இலேசாக வளைந்திருந்தன. இது அச்சின் குறையாகாது. சீட்டின் இரு முகங்களிலும் பூச்சு உண்டு, ஓரங்களில் இல்லை. ஓரத்தின் வழியாக ஏறும் ஈரத்தில் காகித நார் உப்பும், மேலே இருக்கும் முகம் அடியில் இருப்பதைவிட அதிகம் குடிக்கும், சீட்டு வளையும். கட்டாக அடுக்கி, இறுகக் கட்டி, மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்ததில் மதியத்துக்குள் நேராகிவிட்டன. மை ஊறவோ பூச்சு உரியவோ இல்லை. வெயிலில் காயவைக்கும் ஆசை வரும், அதை மட்டும் செய்யக் கூடாது: ஒரு முகம் மட்டும் காய்ந்து எதிர்ப்பக்கம் வளையும், நிறமும் வெளுக்கும். மலைக்கு எடுத்துப்போகிறவர்கள் மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டால் போதும்.

இருட்டு ஓவியங்களுக்கு வெளிச்சம் பாதி உயிர். எல்.இ.டி. குழல்விளக்கின் கீழ் பூச்சு பளபளத்து, கருநிறப் பகுதிகள் வெறும் கண்ணாடியாகிவிடுகின்றன. மெழுகுவத்தியில் முகங்கள் துடிப்போடு எழுகின்றன. நீலமும் சாம்பலும் காணாமல் போகின்றன. காலை மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கும்போதுதான் இந்தக் கட்டு முழுதாகத் திறந்தது. பனி வெயிலை வடிகட்டி எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புகிறது. பளபளப்பு அடங்கி, அங்கியின் நிழலுக்குள் புதைந்திருந்த கல் ரேகை ஒவ்வொன்றாக மேலே வருகிறது. ஊரில் இருப்பவர்கள் வெள்ளைத் திரை போட்ட ஜன்னலருகே பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. அந்தப் பாதிநிலா முகம் திரும்பத்திரும்ப வருவதால், ஒரே அமர்வில் அத்தனையும் பார்த்தால் அரசி யார், ஏவலாள் யார் என்ற வேறுபாடு மங்குகிறது. கூடவரும் சிறுநூலின் விளக்கங்கள் தந்தி பாஷையில் இருக்கின்றன. நிலவை அடிப்படையாக வைத்து, சீட்டுகளைப் பரப்ப வாலென்சா அமைத்த புது விரிப்பு முறைக்காக மட்டும் அதைப் புரட்டலாம். வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகழ்பெற்ற டாரட் கட்டுகள் பலவற்றுக்கும் இணையத்தில் போலி உண்டு. சில நூறு ரூபாய் விலை, அளவில் சிறிய சீட்டு, மங்கிய அச்சு, நூலுக்குப் பதிலாகக் கியூஆர் குறி என்று இருந்தால் தொடவே வேண்டாம். கல்லின் பருக்கை தெரியாத வாலென்சாவால் யாருக்கும் பயனில்லை. ஓவியருக்கும் ஒரு காசு போகாது. படத்தைச் சுற்றிச் சட்டமிட்ட பதிப்பு, சட்டமில்லாத பதிப்பு என இரண்டு கிடைக்கின்றன. என் ஓட்டு சட்டமில்லாததற்கு.

கையில் பிடிக்கும் படச்சீட்டு நமக்குப் புதிதல்ல. பாபர் 1527இல் சிந்துவில் இருந்த நண்பருக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பியதைத் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். மைசூரிலும் சாவந்த்வாடியிலும் அந்த வட்டச் சீட்டுகளைக் கையால் வரைந்து அரக்கு பூசினார்கள். நம் தெருக்களில் கிளி ஜோசியர் வைத்திருந்த அட்டைகளில் முருகனும் மாரியம்மனும் ஏசுவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம், அது நியாயமும்கூட. ஆனால் அந்த அட்டை ஓவியங்களும் கூடவே மறைவதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை.

தமிழில் இப்படியொரு கட்டு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கொல்லிப்பாவையை நான் மரணச் சீட்டில் வைக்க மாட்டேன். வெறுங்கையால் சிங்கத்தின் வாயை அமைதியாக மூடும் பெண் இருக்கும் வலிமைச் சீட்டு அவளுடையது. நிலவுக்குப் பழையனூர் நீலி. தலைகீழாகத் தொங்குபவனின் இடத்தில் கழுமரத்துக் காத்தவராயன். மரணத்துக்குச் சுடலைமாடன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த வல்வில் ஓரிக்குத் தேர்ச் சீட்டு. அச்சடிக்கச் சிவகாசி இருக்கிறது. 78ஐயும் வரைய வருடங்கள் பிடிக்கும் என்று தயங்கும் ஓவியர்கள், பெருஞ்சீட்டுகள் 22 மட்டும் கொண்ட கட்டுகளும் உலகெங்கும் விற்பனையில் இருப்பதைப் பார்க்கலாம். அங்கிக்குக் கல் வேண்டுமென்றால் சேலம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களை ஒரு நல்ல கேமராவோடு போய்ப் படம்பிடித்து வரட்டும். வாலென்சாவுக்குக் கிடைத்த கற்களைவிட அவை பல நூற்றாண்டுகள் மூத்தவை.