உள்ளணியும் உள்ளுறுதியும்

மோட்டார் வண்டியைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் வண்டிகளைப் பற்றிய மதிப்புரை இன்று தனியோர் எழுத்துவகையாக வளர்ந்துவிட்டது. வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெருஞ்செலவை அது நெறிப்படுத்துகிறது. கவிதை நூலுக்குப் பிழையான மதிப்புரை எழுதினால் வாசகருக்கு நட்டம் சில நூறு ரூபாய். இங்கே நட்டம் கோடியைத் தொடுகிறது. சில வேளை உயிரையும் தொடுகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இன்று ஹந்தானைச் சரிவில், 1925இல் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் அமைந்த நூதனசாலையை நோக்கி ஏறும் ஒடுங்கிய வீதியிலே, புதிய உயர்ந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கின்றன. நம்மவர் இவற்றையெல்லாம் ‘ஜீப்’ என்றே அழைக்கின்றனர். இவற்றுட் பல ஜீப்பின் உடையணிந்த சிறு கார்களேயாம். இயந்திரக் கொள்ளளவை வைத்துக் கலால் வரி விதிக்கும் நாட்டில் 996 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் நான்கு மீற்றருக்கும் குறைந்த நீளமும் கொண்ட ரொயோட்டா றைஸ் போன்றவை பெருகியதில் வியப்பில்லை.

இனி மதிப்புரைகாரர் செய்வதைப் பார்ப்போம். கதவைச் சாத்திச் சத்தத்தைக் கேட்கிறார். டாஷ்போட்டின் மேற்பரப்பை விரலால் அழுத்துகிறார். அழுந்தினால் ‘உயர்தரம்’, அழுந்தாவிட்டால் ‘மலிவுப் பிளாஸ்ரிக்’. தையல் நூலின் நிறத்தைப் புகழ்கிறார். திரையின் அகலத்தை அளக்கிறார். தீர்ப்பு முடிந்தது! கதவின் கனத்த ஓசை இறப்பர்ப் பட்டியாலும் தகட்டின்மேல் ஒட்டிய ஒலித்தடுப்பாலும் வேண்டுமென்றே ஆக்கப்படுவது என்பதையும், விரல் படும் இடத்தில் மட்டும் மென்மையைப் பூசி முழங்காலுக்குக் கீழே வன்பிளாஸ்ரிக்கை விட்டுவிடுவது தொழிற்சாலையின் பழைய உத்தி என்பதையும் அவர் சொல்வதில்லை. உருவமா உள்ளடக்கமா என்று நம் சஞ்சிகைகளில் ஒரு காலத்தில் பெருவழக்கு நடந்தது. உருவத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போகும் விமர்சகன், இலக்கியத்தை விட்டு வாகனக் காட்சியறைக்குக் குடிபெயர்ந்துவிட்டான் போலும்.

வன்பிளாஸ்ரிக் தன்னளவிற் குற்றமன்று. மழைச் சேற்றோடு பிள்ளைகள் ஏறும் வண்டியில் அதைத் துணியால் துடைத்துவிடலாம். மாறாக, தோலென்று விற்கப்படும் பொலியூரதேன் பூச்சு ஈரப்பதத்தில் இரசாயன மாற்றமடைந்து, சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று வீசும் கண்டிப் பகுதிக்கு நல்ல நெசவுத்துணி இருக்கையே பெரும்பாலும் உகந்தது. கூரையின் உட்துணியைத் தாங்கும் நுரையும் பசையும் இவ்வாறே நைந்து தொங்கக் காண்கிறோம். குளிர்நாட்டு விமர்சகனின் தீர்ப்பை அப்படியே பெயர்த்தெழுதும் நம் எழுத்தாளர் இவற்றை எண்ணிப் பார்ப்பதேயில்லை. திரையின் மகிமையும் அவ்வாறே. கொண்டையூசி வளைவிலே ஏ.சி.யைக் குறைக்கத் திரையில் மூன்று பக்கம் புரட்டும் சாரதி வீதியைப் பார்ப்பதெப்போது? ஐரோப்பிய வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டம், சமிக்ஞை விளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருந்தாலன்றி 2026 முதல் முழு மதிப்பெண் இல்லை என்று விதித்துள்ளது. பொத்தானைப் பழமை என்று எள்ளியோர் இதனைக் கவனிப்பாராக.

எமது வாதத்துக்கு வலுவான சான்று ஜப்பானிலிருந்தே வந்தது. 2023 ஏப்ரலில் டைஹட்சு நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது. பக்கவாட்டு மோதற் சோதனைக்கு அனுப்பிய சில வண்டிகளின் முன்கதவு உட்பலகையில், விற்பனை வண்டிகளில் இல்லாத வெட்டொன்று இடப்பட்டிருந்தது. காற்றுப்பை விரியும்போது பலகை கூர்முனையாக உடைந்து பயணியைக் காயப்படுத்தும் அபாயத்தைக் குறைப்பதே அவ்வெட்டின் நோக்கம். 88,000க்கும் மேற்பட்ட வண்டிகள் இதிற் சம்பந்தப்பட்டன. மே மாதத்தில் றைஸ் கலப்பின வண்டியின் கம்ப மோதற் சோதனையில் ஒரு பக்கத்துத் தரவையே இரு பக்கத்துக்கும் காட்டியது வெளிவந்தது. டிசம்பரில் 64 மாதிரிகளில் முறைகேடு என்ற விசாரணை அறிக்கையோடு விநியோகம் நின்றது. 2024இல் அரசின் மறுபரிசோதனைக்குப் பின்னரே படிப்படியாகத் தொடங்கிற்று. கதவின் உட்பலகை! மதிப்புரைகாரர் விரலால் தடவி ‘கச்சிதம்’ என்று எழுதிய அதே உறுப்பு. எந்த விரலுக்கும் அந்த வெட்டு இல்லாமை தெரிந்திராது.

‘கொடுத்த பணத்துக்குப் பெறுமதி’ என்பது மதிப்புரைகளின் மற்றொரு மந்திரம். தீர்வை, அதன்மேல் மிகைவரி, கலால், சிலவற்றுக்கு ஆடம்பர வரி, எல்லாவற்றின் மேலும் 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஏறிய விலையில் பெரும்பங்கு வண்டியேயன்று. இலண்டனில் எழுதிய ‘நல்ல விலை’ என்ற சொல் கண்டியில் பொருளற்றுப் போகிறது. சிறியதொன்றுக்கே 2025இல் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் கேட்டார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபா. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும், ஒரு கோடி என்பது 24 ஆண்டுக் கூலிக்கும் மேல். அவ்வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டுச் சரிவோரம் நிற்பவள் அத்தொழிலாளியே. இக்கணக்கு எந்த மதிப்புரையிலும் வரக்காணோம்.

பழைய வண்டி வாங்குவோர் நிலை வேறு. ஜப்பானிய ஏலத் தாளில் முழு வண்டிக்கு இலக்கமும் உட்புறத்துக்குத் தனியாக ஏ, பீ, சீ என்ற எழுத்தும் இடப்படும். சிகரெட் துளை, கறை, நாற்றம் இவற்றைப் பார்த்திட்ட எழுத்து அது. அலங்கார வருணனையைவிட நேர்மையானது. மூலத்தாளைக் கேட்டு வாங்கித் தாளிலுள்ள அடிச்சட்ட எண்ணை வண்டியோடு ஒப்பிடுதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கம்பளை முதலிய இடங்களில் வெள்ளம் புகுந்தபின், உள்நாட்டில் கைமாறும் வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் அவசியமாயிற்று. இருக்கைப் பட்டியை இறுதிவரை இழுத்துச் சேற்றுக்கோடு உண்டா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். பின்னிருக்கை நடுவில் மூன்றுமுனைப் பட்டி உண்டா என்பதையும், குழந்தை இருக்கை பூட்டும் கொளுவிகளையும் கைவிட்டுத் தேடுங்கள். விற்பவர் இதற்கு முகஞ்சுளித்தால், தையல் நூல் எந்நிறமாயினும் திரும்பிவிடுங்கள்.