பாவையும் பொம்மையும்: ‘ஹீ-மேன்’ தொடர் குறித்து ஒரு மதிப்பீடு

கதை பிறந்த பின்னரே பாவை பிறப்பது நம் மரபு. இராமகாதை முன்னரே இருந்தது. அதனைத் திரையில் ஆட்டிக் காட்டும்பொருட்டு ஆட்டுத்தோலில் இராமனும் இராவணனும் உருப்பெற்றனர். ‘ஹீ-மேன்’ என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று. மட்டேல் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1982-இல் பொம்மைகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பொம்மைகளுக்குக் கதை வேண்டியிருந்தது. 1983 முதல் 1985 வரை ஃபில்மேஷன் நிறுவனம் 130 பகுதிகளைப் படைத்தளித்தது. சரக்கு முன்னதாகவும் கதை பின்னதாகவும் அமைந்த இத்தகைய படைப்பின்மீது உண்மையான ஈடுபாடு தோன்றக் கூடுமா? தோன்றினால் அதனை நாம் எள்ளி நகையாடலாமா? இவையே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

தூர்தர்ஷன் வாயிலாக இத்தொடர் நம் நாட்டிற்கு வந்தபோது, அதில் உள்ளம் பறிகொடுத்த சிறுவர்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களிலும் இருந்தனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வெல்லையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. தொடரின் நாயகனாகிய இளவரசன் ஆடமும் இரட்டை வாழ்வினன். அரண்மனையார் அவனைச் சோம்பேறி என எண்ணுவர். வாளை உயர்த்தினால் அவனே மாவீரன். இம்மறைபொருளை அறிந்தோர் மிகச் சிலரே. தன் ஆற்றலில் ஒரு பாதியை எப்போதும் மறைத்து வைத்திருக்கும் பிள்ளை, இவனைத் தன் தோழனாக ஏற்றதில் வியப்பில்லை.

குறைகளையும் கூறுதல் திறனாய்வாளர் கடனாகும். செலவைச் சுருக்கும்பொருட்டு ஒரே ஓவியங்களைப் பகுதிதோறும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினர். நாயகன் ஓடும் ஓட்டமும் வீசும் வீச்சும் சில நாளிலேயே நமக்கு மனப்பாடமாகிவிடும். கையில் வாளிருந்தும் அவன் எவரையும் வெட்டுவதில்லை. பகுதியின் முடிவில் ஓர் அறவுரை மட்டும் தவறாது வரும். ஆயினும் வணிகம் ஏவிய பணியிலும் நல்ல எழுத்தாளர் உழைத்தனர். இத்தொடரில் எழுதிய பால் டினி, பின்னாளில் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்குப் பெருமை சேர்த்தவர்.

எல்லாவற்றினும் பெருங்குறை, இக்கதைக்கு முடிவில்லை என்பதே. தீயவனாகிய ஸ்கெலிட்டர் ஒவ்வொரு முறையும் தோற்பான். ஒவ்வொரு முறையும் தப்புவான். 130 பகுதிகள் கடந்தும் அவன் வீழவில்லை. அவன் வீழ்ந்தால் அவன் பொம்மையை யார் வாங்குவர்? நாகர்கோவில் வட்டாரத்தில் தோற்பாவைக் கூத்து நிகழ்த்தி வந்த கலைஞர்களை இங்கு நினைவு கூர்வோம். வீட்டில் மராத்தி பேசும் அவர்கள், திரைக்குப் பின்னிருந்து தமிழில் கதை நடத்தினர். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சிரிக்க வைப்பர். ஆயினும் கடைசி இரவில் இராவணன் வீழ்வான், பட்டாபிடேகம் நிகழும். கேட்டவர் நிறைவோடு வீடு திரும்புவர். முடிவு என்பது கேட்பவருக்குக் கதைசொல்லி செலுத்தும் கடன். அக்கடனைப் பொம்மை வணிகம் செலுத்தவில்லை.

எனினும் சுவைஞனின் ஈடுபாடு வணிகனின் நோக்கத்தைக் கடந்து செல்லக்கூடியது. கடைப் பொம்மையை வாங்க இயலாத பிள்ளை என்ன செய்தான்? தென்னை மட்டை அவனுக்கு வாளாயிற்று, கமுகம்பாளை கேடயமாயிற்று. தொடர் தராத முடிவையும் தன் முற்றத்தில் அவனே படைத்துக்கொண்டான். விற்பதற்கென்று புனைந்த கதையை விலையின்றித் தனதாக்கிக்கொண்ட இவனே உயர்ந்த சுவைஞன் என்பது நம் கருத்து. 2021-இல் நெட்ஃப்ளிக்ஸ் இக்கதையைப் புதிதாகத் தொடர்ந்து, தொடக்கத்திலேயே நாயகனை வீழ்த்தியபோது, நடுவயதடைந்த அன்பர் பலர் சினந்தனர். அச்சினம் வெறும் பொம்மைக்காக எழுந்ததன்று. தம் இளமையின் தோழன்மீது தமக்கும் உரிமையுண்டு என்னும் உணர்விலிருந்து எழுந்தது.

ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இன்று நம் பிள்ளைகள் விரும்பும் தொடர்களும் பல வேளைகளில் பொம்மைக் கடையோடு தொடர்புடையனவே. அவை பேசும் மொழியும் நம் மொழியன்று. அவற்றைத் தடுப்பதால் பயன் விளையாது. பாலக்காட்டுப் பகுதியில் பத்திரகாளி கோயில் கூத்துமாடங்களில் பாவைக்கூத்து நிகழ்த்தும் புலவர்கள் கம்பன் பாடல்களைத் தமிழிலேயே பாடுகின்றனர். மலையாள மண் அதனைத் தன் வழிபாடாகவே போற்றி வருகிறது. கதை எம்மொழியினதாயினும், ஈடுபாட்டோடு சொல்லும் நா ஒன்று இருந்தால் அது வாழும். ஆகவே, பிள்ளை கண்டு மகிழ்ந்த கதையைத் தமிழில் நமக்குச் சொல்லுமாறு கேட்போம். சொல் தடுமாறினால் எடுத்துக் கொடுப்போம். ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று வினவுவோம். வணிகர் எழுதாது விட்ட முடிவை நம் பிள்ளை தமிழில் சொல்லி முடிப்பானாயின், அத்தொடரைக் கண்ட பொழுது வீணாயிற்று என எவரும் கூறார்.