உருபில்லா மொழி: ‘கேப்டன் பிளட்’ விளையாட்டு குறித்த ஒரு திறனாய்வு

கணினி விளையாட்டை மொழி ஆராய்ச்சியாளர் எடுத்துப் பேசுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். சொல் பொருள் உணர்த்தும் கருவியாக நின்று இயங்கும் இடமெல்லாம் அவர் ஆராய்தற்கு உரியதே. பிரான்சு நாட்டினரான பிலிப் உல்ரிக், திதியே பூஷோன் ஆகியோர் ஆக்க, 1988-இல் அட்டாரி எஸ்.டி. கணினிக்கு வெளிவந்த ‘கேப்டன் பிளட்’ அத்தகைய படைப்பாகும்.

தான் இயற்றிய விளையாட்டினுள்ளேயே அகப்பட்ட ஒருவன் இதன் தலைவன். விண்வெளியில் நேர்ந்த விபத்தொன்றால் அவனுக்கு 30 உயிர்ப்படிகள் தோன்றின. 800 ஆண்டுகள் தேடி 25 படிகளை அழித்தான். எஞ்சிய 5-ஐயும் அழித்தாலன்றி அவனது மனிதத் தன்மை நிலையாது. அவை உறையும் கோள்களை வேற்றுலகத்தாரிடம் வினவியே அறிதல் வேண்டும். அதற்குரிய கருவி ஏறத்தாழ 150 படக்குறிகளே.

ஒவ்வொரு குறியின் பொருளும் திரையிலேயே காட்டப்படுகின்றது. ஆகவே, இஃது அறியாத எழுத்தைப் படித்தறியும் முயற்சி அன்று. அகராதி கையில் உள்ளது, இலக்கணமே இல்லை. பெயர்க்குறி வேற்றுமை உருபு ஏற்பதில்லை. வினைக்குறி தன் வடிவால் காலமோ இடமோ காட்டுவதில்லை. ‘நான்’, ‘அழித்தல்’, ‘கோள்’ என மூன்று குறிகளை நிரல்பட வைத்தால், அஃது அழித்தேன் என்னும் செய்தியோ, அழிப்பேன் என்னும் அச்சுறுத்தலோ, அழித்துத் தருவேன் என்னும் உறுதிமொழியோ?

உருபு இல்லாத இடத்தை நிரப்புவது கேட்போனைப் பற்றிய அறிவே என்க. குரூலிசு-வார், குரூலிசு-உல்வு என்னும் இரு இனத்தார் தம்முள் பகைவர். ஒருவர்பால் நட்பை ஈட்டும் தொடர் மற்றவர்பால் சினத்தை விளைக்கும். கேட்போன் அறிந்து கூறுதல் ஈண்டுப் பேச்சிற்கு அழகு மட்டும் அன்று. பொருள் புலப்பாட்டிற்கே அடிப்படையாகும்.

குறையும் உண்டு. விடைகள் சில வினாவோடு இயையாமல் வருகின்றன. கேட்போன் உணரவில்லையோ, கணினி நிரலின் எல்லை அவ்வளவேயோ எனப் பிரித்தறிதல் அரிது. மொழியை ஆராயும் படைப்பில் இது சிறு குறையன்று.

எனினும், ஆக்கியோர் ஓர் உண்மையை ஒளிக்கவில்லை. காலம் செல்லச் செல்லத் தலைவனின் உடல் நலிகின்றது. குறியைச் சுட்டும் கை நடுங்குகின்றது. வேண்டிய சொல்லை எடுத்தலே கடினமாகின்றது. அந்நடுக்கத்தோடு அவன் தேடும் நட்புச் சொற்களெல்லாம் இறுதியில் கொலைக்கே துணையாகின்றன. பேச்சுத்திறன் வளர்தல் வேறு, அறவுணர்வு வளர்தல் வேறு என்பது இவ்விளையாட்டால் நன்கு புலனாகின்றது.