நடக்காததைச் சொல்லும் வினைகள்: எப்படி ரசிப்பது?

ஸ்பானிய மொழி படிப்பவர்கள் சலித்துப்போய் நின்றுவிடும் இடங்களில் ஒன்று, இறந்தகால சப்ஜங்டிவ். நடக்காததை, நடக்காதா என்று ஏங்குவதை, தயங்கிக் கேட்பதைச் சொல்லும் வினைவடிவம் அது. அதிலும் ஒழுங்கில்லா வினைகள் என்றால் நீண்ட பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

'தெனெர்' என்றால் வைத்திருத்தல். 'அவர்களிடம் இருந்தது' என்பதற்கு 'துவியெரோன்'. உருவம் அடியோடு மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் முரண்டெல்லாம் இந்த இடத்தோடு சரி. கடைசியில் உள்ள 'ரோன்' போய் 'ரா' வந்தால் 'துவியெரா'. சொல்வதற்கு 'தெசிர்': திஹெரோன், திஹெரா. வருவதற்கு 'வெனிர்': வினியெரோன், வினியெரா. இந்த விதிக்கு ஒரு விலக்குகூடக் கிடையாது. நிகழ்கால சப்ஜங்டிவில் ஆளுக்கொரு வழியில் போகும் வினைகளும் இங்கே அடங்கி நடக்கின்றன.

தமிழ்க் காதுக்கு இது பழக்கமான ஏற்பாடு. 'வா' என்பதோடு நேரே 'ஆல்' சேராது. 'வந்தான்' என்பதில் உள்ள 'வந்த்' கிடைத்த பிறகுதான் 'வந்தால்'. நில், நின்றான், நின்றால். காண், கண்டான், கண்டால். நடந்து முடிந்ததன் உடலை வாங்கித்தான் இரண்டு மொழிகளும் 'நடந்தால்' என்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. 'நேரம் இருந்தால் வருவேன்' என்று தமிழில் ஒருவர் சொன்னால் வருவாரா மாட்டாரா என்று குரலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஸ்பானியர் 'சி தெங்கோ தியெம்போ' என்றால் வரக்கூடும். 'சி துவியெரா தியெம்போ' என்றால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஃபுவெரா'. 'செர்' (இருத்தல்), 'இர்' (போதல்) என்ற இரண்டு வினைகளுக்கும் இதே வடிவம்தான். 'சி ஃபுவெரா ரிக்கோ' என்றால் பணக்காரனாக இருந்தால்; 'சி ஃபுவெரா அ செவியா' என்றால் செவியாவுக்குப் போனால். எது எந்த வினை என்று பக்கத்துச் சொல்லே காட்டிவிடுவதால் யாரும் குழம்புவதில்லை.

அடுத்து 'நாம்' வடிவம். துவியெராமோஸ், ஃபுவெராமோஸ். அழுத்தம் 'ரா'வில் விழாமல் அதற்கு முந்தைய அசையில் விழும். எழுத்திலும் அங்கே ஒரு கோடு இருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், துள்ளல் புரியும். 'துவியெரா'வுக்குப் பதிலாக 'துவியெசெ' என்று இன்னொரு வரிசையும் உண்டு. ஸ்பெயினில் காதில் விழும். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் அபூர்வம்.

கஃபேயில் 'கியெரோ' (வேண்டும்) என்பதை விட்டு 'கிசியெரா உன் கஃபே' என்று கேட்பவரைக் கவனியுங்கள். விருப்பத்தை நடக்காததுபோலச் சொல்வதில்தான் பணிவு வருகிறது.

இந்த 'ரா' எங்கிருந்து வந்தது? லத்தீன் மொழியில் 'அமாவெராம்' என்றால் 'நேசித்திருந்தேன்'. ஐயத்துக்கே இடமில்லாத, முடிந்துபோன செயல். அதுதான் தேய்ந்து 'அமாரா' ஆகி, பல நூற்றாண்டுகளில் நிஜத்தை விட்டு நினைப்பின் பக்கம் சாய்ந்தது. பழைய பொருளும் முழுக்கப் போய்விடவில்லை. ஸ்பானியப் பத்திரிகைகளில் 'எல் கெ ஃபுவெரா பிரெசிதெந்தே' என்று பார்த்தால் ஏக்கம் எதையும் தேடாதீர்கள். அவர் ஒரு காலத்தில் உண்மையாகவே அதிபராக இருந்தவர்.